விடியற்காலை ஐந்தரை மணி மாத்திரை

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் 28 வருஷம் கிரேன் ஓட்டினேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு பிஎஸ்ஏ என்றால் துறைமுகக் கம்பெனி, ஷிப்ட், போனஸ். 2022இல் ஒரு நாள் மருத்துவர் என்னைப் பார்த்து, “அங்கிள், உங்க பிஎஸ்ஏ ரொம்ப ஏறியிருக்கு” என்றபோது, பழைய கம்பெனியின் லாபத்தைத்தான் சொல்கிறார் என்று ஒரு விநாடி நினைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் அதே குழப்பம். இது இரத்தத்தில் பார்க்கிற வேறு பிஎஸ்ஏ, புரோஸ்டேட் சுரப்பி விடுகிற ஒரு புரதம் என்று அப்புறம்தான் புரிந்தது. புரோஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் அது எலும்புக்கும் போயிருப்பது தெரிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. அதோடு தினமும் அபிராடெரோன் மாத்திரை, துணைக்கு பிரெட்னிசொலோன். இரண்டையும் இத்தனை வருஷம் விழுங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருந்துச் சீட்டில் இருப்பதும் என் சீட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஏன் இதை முதலிலேயே சொல்கிறேன் என்பது கொஞ்சம் தள்ளிப் போனால் தெரியும்.

ஊசி இருக்கும்போது மாத்திரை எதற்கு? நானும் கேட்டேன். இந்த நோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். ஊசி போட்டால் விரைகளிலிருந்து வருவது நின்றுவிடும். ஆனால் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும், சில சமயம் கட்டியேகூட, கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். துறைமுகத்தின் பெரிய வாசலைப் பூட்டிய பிறகும் சின்னப் படகுகளில் சரக்கு இறங்குகிற மாதிரி. அபிராடெரோன் அந்தப் படகுகளை மடக்குகிறது. அதனால் மாத்திரை ஆரம்பித்துவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் சிகிச்சை.

பிரெட்னிசொலோன் ஏன் என்பதும் துறைமுகக் கணக்குதான். ஒரு தளத்தை மூடினால் பெட்டிகள் காணாமலா போகும்? அடுத்த தளத்தில் போய்க் குவியும். அட்ரீனலில் ஒரு வழியை அடைத்தால், உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்கள் இன்னொரு வழியில் குவிகின்றன. இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். அந்த நெரிசலைக் குறைக்கத்தான் 5 மில்லிகிராம் குட்டி மாத்திரை. ‘ஸ்டீராய்டு கெடுதல்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை மட்டும் நிறுத்திவிட்டவர் ஒருவரை மருத்துவமனை வரிசையில் பார்த்தேன். இரண்டு காலும் கெண்டையிலிருந்து பாதம் வரை தூண் மாதிரி இருந்தன. இதைத் திடீரென்று நிறுத்துவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடிகாரம். அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். போட்ட பிறகு 1 மணி நேரமாவது எதுவும் சாப்பிடக்கூடாது. வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்பதற்காக இல்லை. சாப்பாட்டோடு போனால் இந்த மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறிவிடும். கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சேரும் மருந்து சுமார் 5 மடங்கு, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு சுமார் 10 மடங்கு. மருந்தாளர் இதைச் சொன்னதும் எனக்குக் கிரேன் ஞாபகம் வந்தது. 40 டன் தாங்கும் கம்பியில் 400 டன் தொங்கவிட்டால் என்ன ஆகும்!

என் கணக்கு இப்படி. இரவு 8 மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும். காலை 5.30க்கு அலாரம். எழுந்து முகம் கழுவி, 250 மில்லிகிராம் மாத்திரை நாலு, ஒரு குவளை வெறும் தண்ணீர். கடிப்பதில்லை, உடைப்பதில்லை, பொடிப்பதில்லை. தேத்தண்ணீர் கிடையாது. ‘தே ஓ கோசோங்தானே, பால் சீனி எதுவும் இல்லையே’ என்று நானும் வாதாடிப் பார்த்தேன். தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்புறம் கீழே போய் நடை. 7 மணிக்கு மேல் பசியாறல். இட்லி உள்ளே போன பிறகு பிரெட்னிசொலோன், கூடவே பிரஷர் மாத்திரை. ஒன்று வெறும் வயிற்றுக்கு, மற்றது சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டையும் மருந்துப் பெட்டியில் ஒரே அறையில் போட்டுவைத்தால் தவறு நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்கு நடந்தது. முதல் வருஷத் தீபாவளி. விடிவதற்குள் எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, வீடு நிறையப் பிள்ளைகள். அலாரம் அடித்ததை யாரோ நிறுத்திவிட்டார்கள். இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கினேன். கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றபோதுதான் உறைத்தது. மேலே எண்ணெய் மிதந்த குழம்பு! மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணுக்கு மகள் போன் போட்டாள். விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம், இன்று இனி அந்த மாத்திரை வேண்டாம், பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், நெஞ்சு படபடத்தாலோ தலை சுற்றினாலோ உடனே வாருங்கள், நாளை வழக்கம்போல, என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுக்க அதிரசத் தட்டைப் பார்த்துக்கொண்டு பிரஷர் மெஷினோடு உட்கார்ந்திருந்த தீபாவளி அது. அதற்குப் பிறகு அபிராடெரோன் புட்டி என் கட்டிலருகே, மற்றவை சாப்பாட்டு மேசைமேல்.

போடவே மறந்துவிட்டால்? பகலில் ஞாபகம் வந்து, வயிறும் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று உங்கள் மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள். அந்த நாள் போய்விட்டால் போனதுதான். மறுநாள் வழக்கமான அளவு. இரண்டு நாள் பாக்கியைச் சேர்த்து எட்டாகப் போடுவது கூடவே கூடாது. என் வீட்டில் தேக்கா நகைக்கடை கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. போட்டதும் அதில் ஒரு கோடு. ‘இன்னிக்குப் போட்டேனா இல்லையா’ என்று 72 வயதில் வரும் சந்தேகத்துக்கு அந்தக் கோடுதான் சாட்சி.

இனி கோப்பிக்கடை விஷயம். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் கடையில் காலை 8 மணிக்கு ஒரு மேசை கூடும். அதில் என்னோடு துறைமுகத்தில் லாஷிங், அதாவது கப்பலில் பெட்டிகளை இறுக்கிக் கட்டும் வேலை, பார்த்த ஒருவருக்கும் இதே நோய், இதே மருந்து. ஒரு நாள் பேச்சு வந்தது. “என்னண்ணே, நாலு போடுறீங்களா? எனக்கு ஒன்னுதான். பசியாறிட்டுத்தான் போடுறேன். உங்க டாக்டர் காசு புடுங்குறாரு” என்றார். எனக்கும் சபலம்தான். மருந்து விலை தெரிந்தவர்களுக்கு அந்தச் சபலம் புரியும்.

அடுத்த சந்திப்பில் கேட்டேன். நண்பர் சொன்னது பொய் இல்லை. சாப்பாடு மருந்தை ஏற்றிவிடும் என்பதையே பயன்படுத்தி, 250 மில்லிகிராம் ஒரே மாத்திரையைக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது. சில மருத்துவர்கள் சிலருக்கு அப்படி எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய ‘ஒன்று’ அவருடைய ‘சாப்பாட்டோடு’ சேர்ந்தது. என் ‘நாலு’ என் ‘வெறும் வயிற்றோடு’ சேர்ந்தது. நான் நாலையும் சாப்பாட்டோடு போட்டால் அளவு எகிறும். அவர் ஒன்றை வெறும் வயிற்றில் போட்டால் மருந்து போதாது. பாதியை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுப்பதில்தான் வினையே இருக்கிறது. முறையை மாற்றுவதென்றால் மருத்துவர் மாற்றட்டும். நீங்கள் கோப்பிக்கடை மேசையில் மாற்றாதீர்கள்.

எண்ணிக்கையை நம்பாதீர்கள், மில்லிகிராமைப் பாருங்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இந்த மாத்திரை 250இலும் வருகிறது, 500இலும் வருகிறது. ஒரு தடவை எனக்கு வேறு மாதிரி மாத்திரை கொடுத்தார்கள். கை பழக்கத்தில் நாலைக் கொட்டிவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்த மனைவி, “என்னங்க, இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு” என்றாள். நாலு ஐந்நூறு என்றால் இரண்டாயிரம். கௌண்டரிலேயே புட்டியைத் திறந்து காட்டி, ‘எத்தனை, எப்போது’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்வது இப்போது என் வழக்கம். பின்னால் வரிசை நிற்கும். நிற்கட்டும்.

மற்ற மருந்துகளோடு சேருமா என்பது அடுத்த பெரிய தலைவலி. எனக்குக் கால் லேசாக வீங்கியபோது, மருத்துவமனைச் சந்திப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததால், வழக்கமாகப் போகிற ஒரு கிளினிக்குக்குப் போனேன். நீர் இறங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ஸ்பைரோனோலாக்டோன். நல்ல பழைய மருந்துதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மகள் புற்றுநோய் மருந்தாளருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில்: போட வேண்டாம். அந்த மாத்திரை டெஸ்டோஸ்டிரோன் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்திலேயே தானும் போய் ஒட்டும். அபிராடெரோன் எடுப்பவர்களுக்கு பிஎஸ்ஏயை ஏற்றிவிடலாம். கொடுத்தவர் மேல் மட்டும் எப்படிக் குறை சொல்வது? நான் புற்றுநோய் மாத்திரையின் பேரைச் சொல்லவே இல்லை, ‘பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இப்போது பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு தாள். அதில் எல்லா மருந்தும், அளவும், நேரமும். பல் மருத்துவரிடம்கூட அதை நீட்டுகிறேன். இனிப்புநீர் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். பிரெட்னிசொலோன் சர்க்கரையை ஏற்றும். அதே சமயம் பயோகிளிட்டசோன், ரெபாகிளினைடு இரண்டில் ஒன்றை எடுப்பவர்களுக்கு அபிராடெரோன் சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும். வலிப்புக்கான பெனிட்டோயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை அபிராடெரோனின் வேலையைக் குறைத்துவிடும். இருமல் மருந்து, சீன மருந்துக்கடைப் பொட்டலம், ஊரிலிருந்து வரும் லேகியம் எல்லாம் அந்தத் தாளில் ஏற வேண்டியவைதான். என் தங்கை ஊரிலிருந்து கீழாநெல்லிப் பொடி கொண்டுவந்தாள். “கல்லீரலுக்கு நல்லதுண்ணே.” அன்பை மறுக்க முடியுமா? வாங்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை. கல்லீரல் எண்கள் ஏறினால் அது மாத்திரையாலா பொடியாலா என்று யாருக்குத் தெரியும்?

கல்லீரல் என்றதும் இரத்தப் பரிசோதனை. முதல் 3 மாதம் 2 வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை என்று எனக்குப் பார்த்தார்கள். கல்லீரல் நொதிகள், பொட்டாசியம், சர்க்கரை. ‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசி குத்திக்கணும்’ என்று தோன்றும். கல்லீரல் ஆரம்பத்தில் சத்தமே போடாது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கெட்டித் தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. அன்றே போன்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. தினமும் ஒரே நேரத்தில் பிரஷர், எடை, கணுக்காலில் விரலை அழுத்திப் பார்ப்பது. குழி உடனே எழும்பாமல் நின்றாலோ, இரண்டு மூன்று நாளில் எடை கிலோக்கணக்கில் ஏறினாலோ நீர் தங்குகிறது. எந்த எண்ணுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்பதை உங்கள் குழுவிடம் கேட்டு மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். தொடை தளர்ந்துபோவது, கெண்டைக்கால் இழுப்பு, நெஞ்சு துள்ளுவது பொட்டாசியம் இறங்கியதால் இருக்கலாம். அதற்காக நீங்களே பொட்டாசியம் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், இரத்தத்தைப் பார்த்துத்தான். உப்பைக் குறைத்தேன். கருவாடும் ஊறுகாயும் மாதத்தில் ஒரு நாள் என்று ஆனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் கிராப் டாக்சி தேடாதீர்கள், ஆம்புலன்சுக்கு 995.

பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்துவது பற்றிச் சொல்கிறேன் என்றேனே. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துவிடும். ஒரு நாள் இதை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மயக்கம், வாந்தி, பிரஷர் விழுவது என்று போய்விடும். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக மாத்திரை உள்ளே தங்காத நாள் வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கக்கூடாது, அன்றே மருத்துவமனை. கடும் காய்ச்சல், அறுவைசிகிச்சை நேரங்களில் அளவைக் கூட்ட வேண்டிவரும். அதையும் அவர்கள்தான் சொல்வார்கள். விரத நாளுக்கும் இதே கணக்கு. புரட்டாசிச் சனிக்கிழமை வெறும் வயிறு அபிராடெரோனுக்கு வசதி, பிரெட்னிசொலோனுக்கு இல்லை. நான் பெருமாளிடம் சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிடுகிறேன்.

மகளுக்கு நிறைமாதம் நெருங்கிய சமயத்தில் அவள்தான் என் மருந்துப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். மருந்தாளர் இதைக் கேள்விப்பட்டதும் பதறிவிட்டார். கர்ப்பமாக இருப்பவர்களும், இருக்கக்கூடியவர்களும் இந்த மாத்திரையை வெறும் கையால் தொடக்கூடாது, கையுறை வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல். வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் இது பொருந்தும். மனைவிக்குக் கருத்தரிக்கும் வயதென்றால் தாம்பத்தியத்தில் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். தாம்பத்தியமே குறைந்துபோவதும், நடு இரவில் உடம்பு கொதித்து வியர்ப்பதும், காரணமில்லாமல் கண் கலங்குவதும் இந்தச் சிகிச்சையில் வருபவைதான். நான் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு தாதி அதற்கும் வழி வைத்திருந்தார். எலும்பு மெலியும் என்பதால் நடையோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் சொன்னார்கள். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) குடியிருப்பின் உடற்பயிற்சி மூலையில் என்னைவிட மூத்தவர்கள் என்னைவிட அதிகம் தூக்குகிறார்கள்.

உங்கள் மாத்திரை வேறு என்றால் கடிகாரமும் வேறு. என்சலூட்டமைடு, அபலூட்டமைடு இரண்டையும் சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். ஆனால் முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தடுக்கி விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அபலூட்டமைடில் தோலில் தடிப்பு வரலாம். டாரொலூட்டமைடு நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டோடு. என் அட்டவணையை அவர்கள் பின்பற்றினால் அவர்களுக்கு அது தப்பு.

காசு விஷயம் சுருக்கமாக. 2022 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் புற்றுநோய் மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வைத்து, சிகிச்சைக்கு ஏற்ப மாத உச்சவரம்பு கொடுக்கிறது, நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் பயன்படுத்தலாம். பட்டியலில் உங்கள் மருந்து எந்த நிலைக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். காசு இடித்தால் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். செலவுக்குப் பயந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதற்கு முன் அவரிடம் போங்கள்.

போன ஜனவரியில் தஞ்சாவூர் போனோம். மாத்திரை முழுவதும் புட்டியோடு கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு. பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். பத்து நாள் பயணத்துக்குப் பதினைந்து நாள் மருந்து. ஒரு சிக்கல்: நம் 5.30 அங்கே விடியற்காலை 3 மணி. மூன்று மணிக்கு எழுவதா? மருந்தாளரிடம் முன்பே கேட்டு, அங்கேயும் உள்ளூர் 5.30க்கே வைத்துக்கொண்டேன், இரண்டரை மணி நேரம் தள்ளிப்போவதால் பரவாயில்லை, வெறும் வயிறுதான் முக்கியம் என்றார். முதல் நாள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அண்ணி டிகிரி காப்பியோடு வந்து நின்றார், ஆவி பறக்க.

“ஆறரைக்கு மேல கொடுங்கண்ணி.”

“ஆறிப்போயிடுமே?”

“ஆறட்டும்.”